மூவாயிரம் கோழிக்குக் குடிதண்ணீர்

மார்ச் 30, ஞாயிறு

காலை 5.10: மேல்தொட்டி நிரம்பியது. குளோரின் போட்டேன்.
5.45: சோதனை. மஞ்சள் வந்தது.

இப்படி ஆரம்பித்தால்தான் எனக்குக் கை ஓடும். பேரூராட்சித் தண்ணீர்த் தொட்டியில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டராக இருந்து லாக் புத்தகம் எழுதிய கை. ஓய்வு பெற்ற அன்று போர்த்திய சால்வை எங்கே போனதென்று தெரியாது. குளோரின் பார்க்கிற கண்ணாடிக் குழாயும் அதற்கான மருந்துப் பாட்டிலும் மட்டும் என்னோடு வந்துவிட்டன. குழாயில் தண்ணீர் பிடித்துச் சில சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டும். மஞ்சள் வராத தண்ணீரை நான் தண்ணீரென்றே ஒத்துக்கொள்வதில்லை.

மகள் சுகந்தியின் கோழிப்பண்ணைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. குண்டடத்துக்குத் தெற்கே, காற்றைத் தவிர ஒன்றும் விளையாத பூமி. மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். நாற்பது நாள் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பது சுகந்தியின் பொறுப்பு. போன கோடையில் இரண்டு பேட்ச்சை வெயில் அடித்துவிட்டது. இதுவும் போனால் இனிமேல் குஞ்சு இறக்க மாட்டோம் என்று கம்பெனி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. வியாழக்கிழமை மூவாயிரம் குஞ்சு இறங்கியது.

குஞ்சு வந்த அன்றே சுகந்தி தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்துவிட்டாள். களைப்புத் தீருமாம். வெல்லத்தண்ணீர் நின்ற இடத்தில் நாலு மணி நேரத்தில் வழவழப்புக் கட்டும் என்று கத்தினேன். “எல்லாப் பண்ணையிலயும் குடுக்கறதுதானுங்கப்பா” என்கிறாள். எல்லோரும் கிணற்றில் குதித்தால் இவளும் குதிப்பாளா?

ஏப்ரல் 3, வியாழன்

5.05 தொட்டி. 5.40 மஞ்சள்.

கோழி செட்டில் நாற்பத்து நாலு தண்ணீர்த் தட்டுகள். மணி மாதிரி கவிழ்ந்து தொங்கும், சிவப்பு பிளாஸ்டிக். ஓரத்துப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், குஞ்சு குடிக்கும், அதிலேயே தீவனத்தைத் துப்பும், அதிலேயே எச்சமும் போடும். தினமும் கழற்றிக் கழுவியாக வேண்டும். கழுவுகிறவள் மாராத்தாள். ஐம்பது வயதிருக்கும். செட் கட்டிய நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். சுகந்தி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவள் வேலையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சோப்பு கிடையாது, பிளீச்சிங் கிடையாது. ஒரு பிடி தேங்காய் நாரும் கொஞ்சம் பழைய புளியும்தான். உப்புத்தண்ணீரின் வெள்ளைப் படிவு புளிக்குத்தான் கழலுமாம். கிருமிக்கு என்னம்மா செய்வாய் என்றேன். வெயிலில் கவிழ்த்து வைப்பேன் என்றாள். முப்பத்தொரு வருஷம் தண்ணீரோடு குப்பை கொட்டிய எனக்கு இவள் பாடம் நடத்துகிறாள்.

ஏப்ரல் 7, திங்கள்

கம்பெனி சூப்பர்வைசர் தர்மராஜ் வந்தான். இருபத்தாறு வயது, கையில் எந்நேரமும் போன். புதன்கிழமை தண்ணீரில் கம்போரோ நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டுமாம். அதற்காக என்னிடம் ஒரு உத்தரவு வேறு.

“இன்னிக்கிருந்து புதன் சாயங்காலம் வரைக்கும் தண்ணியில ஒண்ணும் போடக் கூடாதுங்கய்யா. மருந்துல இருக்கறது உசுருள்ள கிருமி. குளோரின் பட்டா செத்துப் போயிரும்.”

கிருமியைக் கொல்லத்தான் கவர்ன்மெண்ட் எனக்கு முப்பத்தொரு வருஷம் சம்பளம் கொடுத்தது. இவன் கிருமியைக் காப்பாற்றச் சொல்கிறான். அதையும் சுகந்தி தலையாட்டிக்கொண்டு கேட்கிறாள்.

தொண்ணூற்றெட்டில் பிளீச்சிங் பவுடர் ஸ்டாக் இல்லை. மூன்று நாள் வெறும் தண்ணீரை விட்டேன். விடச் சொன்னார்கள், விட்டேன். மேற்குத் தெருவில் பதினேழு பேர் வாந்திபேதியில் விழுந்தார்கள். ஒரு பெண்பிள்ளை பிழைக்கவில்லை. பவுடர் வாங்காமல் விட்டவன் மேலே உட்கார்ந்திருந்தவன். விசாரணைக் காகிதத்தில் வந்தது ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு.’ அதற்குப் பிறகு என் தொட்டியில் ஒரு நாள்கூட மஞ்சள் தப்பியதில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

தொட்டி 5.10. மஞ்சள் இல்லை. இப்படி எழுதவே கை கூசுகிறது.

ஏப்ரல் 9, புதன்

மருந்து கலக்க இருநூறு லிட்டர் நீல டிரம் ஒன்றைத் தனியாகக் கழுவி, நேற்று மாலையே போர்த்தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். காலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். ராத்திரி முழுக்க மூடியில்லாமல் கிடந்த தண்ணீர். ஒரு பூச்சி மிதந்தது. குழாயில் பிடித்துச் சொட்டு விட்டேன், நிறம் மாறாமல் வெறுந்தண்ணீராகவே நின்றது. அதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா வர முடியாது. செய்ய வேண்டியதைச் செய்தேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

ஆறரைக்குத் தர்மராஜ் வந்து ஒரு நீல மாத்திரையைப் போட்டான். தண்ணீர் நீலமானது. மருந்தை உடைத்துக் கலந்தான். குடித்த குஞ்சு எது, குடிக்காதது எது என்று நாக்கு நீலத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமாம். மருந்துக்காக அதுவரை தண்ணீர் காட்டாததால் தாகத்தில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. தட்டுகளில் ஊற்றியதும் மொய்த்துக் குடித்தன. அடுத்த பண்ணையிலிருந்து போன் வரவே அவன் கிளம்பிவிட்டான்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, மாராத்தாள் ஒரு தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“ஐயா, நீலம் வெளுத்துப் போச்சுங்களே. போன தடவ பொழுதோட வரைக்கும் நின்னுச்சுங்க. சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரலாங்களா?”

மட்டமான மாத்திரை, கம்பெனிக்காரன் வாங்குகிற லட்சணம் அப்படி என்றேன். கழுவுகிற வேலையைப் பார், மருந்து வேலை உனக்கெதற்கு என்றும் சொன்னேன். ஒரு நிமிஷம் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். சுகந்தி அந்த நேரம் தீவனம் இறக்க வந்த வண்டியிடம் இருந்தாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம். வெயில் நெருப்பாய்க் கொளுத்துகிறது. மறுபடி குளோரின், மறுபடி மஞ்சள். குஞ்சுகள் நன்றாக ஏறியிருக்கின்றன. தட்டுகளை இரண்டு விரல் உயர்த்திக் கட்டச் சொன்னேன். கோழியின் முதுகு மட்டத்துக்குத் தட்டு இருந்தால்தான் தண்ணீர் சிந்தாது, கீழே பரப்பிய தேங்காய் மஞ்சியும் நனையாது. நான் சொல்வதற்கு முன்பே மாராத்தாள் பாதியைக் கட்டி முடித்திருந்தாள். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஏப்ரல் 18, வெள்ளி

ஒன்பது செத்திருந்தன.

ஏப்ரல் 19, சனி

அறுபத்து மூன்று. மூலையில் ஒண்டிக்கொண்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காருகின்றன. வெள்ளையாய்த் தண்ணீராய்ப் போகின்றன. கையில் தூக்கினால் தலை தொங்குகிறது. சுகந்தி காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. சாப்பிடச் சொல்லிக் கத்தினேன். கத்துவதைத் தவிர எனக்கு என்ன தெரிகிறது?

ஏப்ரல் 20, ஞாயிறு

நூற்று எண்பது. கம்பெனி டாக்டர் வந்தார். செட்டுக்கு வெளியே ஒரு சாக்கை விரித்துச் செத்த கோழியை அறுத்தார். தொடைச் சதையில் சிவப்புச் சிவப்பாய் ரத்தப் புள்ளி. கம்போரோ என்றார். மருந்து கொடுத்தும் எப்படி வந்தது என்று சுகந்தி கேட்டாள். கொடுத்த மருந்து உயிரோடு உள்ளே போகவில்லை, அன்றைக்குத் தண்ணீரிலோ தட்டிலோ குளோரின் இருந்திருக்கிறது என்றார். மற்ற பண்ணைகளில் இதே மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறதாம். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டாக்டரோடு வந்திருந்த தர்மராஜ் நோட்டைத் திறந்தான்.

“ஆளு தப்புன்னா ஆளை மாத்தச் சொல்லி எழுதிருவனுங்க்கா, அதோட போச்சு. பண்ணைக்காரங்களே போட்டதுன்னா குஞ்சு நிறுத்திருவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது. எது நடந்துச்சுன்னு சொல்லுங்க.”

சுகந்தி மாராத்தாளைப் பார்த்தாள். “அக்கா, அன்னிக்குத் தட்டுல பிளீச்சிங் கிளீச்சிங் போட்டுக் கழுவுனீங்களா?”

“நாரும் வெறுந்தண்ணியுந்தானுங்க அம்மிணி. வேறொண்ணும் எங்கையில படலீங்க” என்றாள் மாராத்தாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“தட்டுக் கழுவறது அவதானே” என்றேன்.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கழுவுவது அவள்தான்.

ஏப்ரல் 21, திங்கள்

மாராத்தாளை நிறுத்தியாகிவிட்டது. சுகந்திதான் சொன்னாள். சொல்லும்போது வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது. கூடவே இருந்து குழி பறித்துவிட்டாயே என்கிற அளவுக்குப் போய்விட்டாள். மாராத்தாள் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அழுதிருந்தாலாவது பரவாயில்லை. அதென்ன அழுத்தம்!

இருநூற்றுப் பத்து.

ஏப்ரல் 22, செவ்வாய்

இனிமேல் தட்டு கழுவுவது நான்தான். நாற்பத்து நாலு தட்டைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டேன். இவள் லட்சணத்தை இன்றைக்குப் பார்த்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பினேன். அடிப்பக்கத்தில், வால்வுக்குள், திருகு மரையின் இடுக்கில் விரலை விட்டுத் தடவினேன். ஒன்றிலும் வழவழப்பு இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் யாராவது இப்படித் தேய்ப்பார்களா? ஆத்திரத்தில் ஒரு தட்டை எறிந்தேன், விளிம்பு உடைந்தது. இப்போது நாற்பத்து மூன்று.

இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. நூற்று முப்பது.

ஏப்ரல் 24, வியாழன்

சாவு குறைகிறது. இன்றைக்கு நாற்பது.

தர்மராஜ் வந்தான். மாராத்தாள் தெற்கே இரண்டு பண்ணையில் வேலை கேட்டுப் போனாளாம். தன் லைனில் உள்ள எல்லாப் பண்ணைக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டானாம், வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஏதோ பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி சொன்னான். பளாரென்று ஒன்று விடலாம் போலிருந்தது. எதற்காக என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஏப்ரல் 26, சனி

அலமாரியில் நீல மாத்திரை இரண்டு மிச்சம் இருந்தது. சுகந்தி சந்தைக்குப் போயிருந்தாள்.

இரண்டு பிளாஸ்டிக் தொட்டியில் போர்த்தண்ணீர் பிடித்தேன். மாத்திரையையும் அளவு பார்த்து உடைத்தேன். ஒன்றில் மாத்திரை மட்டும். இன்னொன்றில், டிரம்மில் போட்ட அதே விகிதத்துக்குப் பிளீச்சிங், பிறகு மாத்திரை. குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.

7.40: இரண்டும் நீலம்.
7.55: இரண்டாவது மங்கல்.
8.10: இரண்டாவது வெறுந்தண்ணீர். முதலாவது அப்படியே நிற்கிறது.

பத்து மணி வரை உட்கார்ந்தேன். முதலாவது மாறவே இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

லாக் புத்தகத்தில் நான் பொய் எழுதியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். இன்று ஏப்ரல் 9-ஐத் திறந்து படித்தேன். ‘செய்ய வேண்டியதைச் செய்தேன்.’ என்ன எழுத்துடா இது? எவ்வளவு, எத்தனை மணிக்கு, எதில் என்று எழுதாதவன் ஆபரேட்டரா? அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்: ‘காலை 5.15. டிரம்மில் பிளீச்சிங் பவுடர் ஒரு ஸ்பூன். மனம் கேட்காமல் இன்னொரு ஸ்பூன். கலந்தது சென்னியப்பன்.’

தொண்ணூற்றெட்டில் என் பெயரை எழுதியவனை இருபத்தேழு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் செத்தும் போய்விட்டான், இன்னும் விடவில்லை. அவன் என்னை என்ன செய்தானோ அதைத்தான் நான் மாராத்தாளுக்குச் செய்திருக்கிறேன். அவனாவது ஆபீஸில் உட்கார்ந்து எழுதினான். நான் அவள் நின்ற இடத்துக்கு எதிரிலேயே நின்று சொன்னேன்.

த்தூ.

மே 1, வியாழன்

சாவு நின்றுவிட்டது. மொத்தம் எழுநூற்றுப் பதினெட்டு. மிச்சம் தேறிவிடும்.

தர்மராஜ் போன் செய்தான். வேலையாள் தவறு, ஆள் நீக்கப்பட்டார் என்று எழுதியதை மேனேஜர் ஏற்றுக்கொண்டாராம். அடுத்த பேட்ச் குஞ்சு உண்டு. சுகந்தி போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். சந்தோஷ அழுகை. பத்து நாளைக்கு அப்புறம் இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். எதிரில் உட்கார்ந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வாயைத் திறந்தால் அந்தக் குஞ்சு வராது. திறக்காவிட்டால் மாராத்தாளுக்கு இந்தப் பக்கம் எந்தப் பண்ணையிலும் வேலை இல்லை. நூறு நாள் வேலைக்கு மண் சுமக்கப் போகிறாளாம்.

சுகந்திக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று அவள் மேலேயே கோபம் வருகிறது. கேட்டுத் தொலைக்கலாம் அல்லவா!

மே 6, செவ்வாய்

கோழி ஏற்றிப் போய்விட்டார்கள். செட் வெறிச்சென்று கிடக்கிறது.

சுகந்தி தொட்டியடியில் உட்கார்ந்து தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாராக்கா தேய்த்த மாதிரி வரமாட்டேன் என்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த நோட்டைக் கொண்டுபோய் ஏப்ரல் 9-ஐத் திறந்து அவள் மடியில் வைத்தேன். ஈரக் கையோடு படித்தாள். பிறகு 20, 21, 26 என்று புரட்டிப் படித்தாள். குஞ்சைப் பற்றிக் கேட்பாள், கம்பெனியைப் பற்றிக் கேட்பாள் என்று நின்றேன்.

“மாராக்காவ நான் என்ன பேச்செல்லாம் பேசிட்டேன்” என்றாள். “நீங்க பக்கத்துலயே நின்னு கேட்டுட்டிருந்தீங்களேப்பா.”

போனை எடுத்தாள். தர்மராஜிடம் சொல்லாதே, குஞ்சு நின்றுவிடும், இதெல்லாம் உனக்காகத்தானே என்று கையைப் பிடித்தேன். “வராட்டிப் போகுது” என்று கையை உதறிவிட்டாள். அவளுக்கு நான் என்றால் பயம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 8, வியாழன்

மேனேஜர் நேரில் வந்தார். சொன்னவரை மெச்ச வேண்டும், ஆனால் சொன்னதற்காக விட்டுவிட முடியாது என்றார். ஒரே ஒரு பேட்ச் தருவார்களாம், அதை வைத்துத்தான் மேற்கொண்டு முடிவு. நடந்ததை நான் என் கையால் எழுதித் தர வேண்டும். இனி செட்டுக்குள்ளும் தொட்டிப் பக்கமும் கால் வைக்க மாட்டேன் என்றும் எழுத வேண்டும். சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும்.

தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று என்னிடம் ஒருவன் சொல்கிறான்! உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் எழுதினேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது.

சாட்சி மாராக்காதான் போட வேண்டும் என்று சுகந்தி சொல்லிவிட்டாள். இரண்டு நாளாக அவள் வீட்டுக்கு நடையாய் நடக்கிறாள். காலில் விழாத குறையாகக் கேட்டும், வேலைக்குத் திரும்பி வருகிறேன் என்று மாராத்தாள் இன்னும் சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

காகிதத்தை எடுத்துக்கொண்டு மாராத்தாள் வீட்டுக்குப் போனோம். அப்போதுதான் மண் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கூட வேலைக்குப் போன பெண்கள் இரண்டு மூன்று பேர் தெருவிலேயே நின்றிருந்தார்கள். உள்ளே போய்ப் பேசலாமே என்றேன். இங்கேயே சொல்லுங்க என்றாள்.

என்னென்னவோ சொல்ல நினைத்துக்கொண்டு போனவன், காகிதத்தை மட்டும் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாதுங்க. என்ன எழுதியிருக்கீங்கன்னு நீங்களே படிங்க.”

படித்தேன். ‘ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்தது நான். தண்ணீர் வெளுத்துவிட்டது என்று மாராத்தாள் என்னிடம் சொன்னார். நான் அவரை அதட்டி அனுப்பினேன். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. கேட்டபோது நான் உண்மையைச் சொல்லவில்லை.’ இனிமேல் செட்டுக்குள் வரமாட்டேன் என்பது வரைக்கும் படித்தேன். காகிதத்துக்குள் குனிந்துகொண்டு படித்ததில் பாதிதான் வெளியே கேட்டது.

“இன்னொருக்கா படிங்கய்யா” என்றாள். “கொஞ்சம் சத்தமா. இவங்களுக்குக் கேக்கோணும்.”

சுருக்கென்று கோபம் வந்தது. சுகந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை சத்தமாகப் படித்தேன். எதிர்வீட்டில் டிவியை அணைத்தார்கள்.

முடிக்கும்போது தெருக்கோடியிலிருந்து ஒரு பெரியவர், என்ன சமாச்சாரம் என்று கேட்டுக்கொண்டே வந்து நின்றார். மாராத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவுக்காகக் கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை. பெரியவர் பக்கம் திரும்பி நின்று, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.